நெட்வொர்க் துறையில் எந்தப் பிரிவு? – பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சில வார்த்தைகள்

(சங்கத்தின் பொன்விழா நிகழ்ச்சிகளில் ஒன்றாகப் பூன் லேயில் நடைபெற்ற தொழில் வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

  

இந்தக் கூட்டத்திற்கு முன்பு பிள்ளைகளிடம் கேள்விகளை எழுதி வாங்கி எனக்குக் கொடுத்தார்கள். பெரும்பாலான தாள்களில் ஒரே கேள்விதான் இருந்தது. “தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் நெட்வொர்க் படிக்கிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறேன். அடுத்து எந்தப் பிரிவுக்குப் போவது? பாதுகாப்பா, கிளவுடா, தரவு நிலையமா, வைஃபையா?” பெற்றோர் எழுதிய தாள்களிலும் அதே கேள்விதான், கொஞ்சம் வேறு வடிவத்தில்: “எதில் வேலை நிலைக்கும்?”

இப்படி ஒரு கேள்வி நம் வீடுகளில் எழுவதே புதிது. ரஜூலா கப்பலில் வந்து இறங்கிய பாட்டனார்மார்களுக்கு இந்தக் கேள்வி இல்லை. ஊர்க்காரர் கடை எதுவோ அதுதான் வேலை. பணமாற்றுக் கடை, துணிக்கடை, மளிகைக் கடை, சாப்பாட்டுக் கடை. அடுத்த தலைமுறையில் பலர் ஜூரோங் கப்பல் பட்டறைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். யாரும் “உனக்கு எது பொருந்தும்?” என்று கேட்கவில்லை. கிடைத்ததைச் செய்தார்கள், நம்மைப் படிக்க வைத்தார்கள். இன்று பிள்ளைகளுக்கு ஐந்தாறு கதவுகள் திறந்திருக்கின்றன. திறந்த கதவுகள் அதிகமாகும்போது குழப்பமும் அதிகமாகிறது. அவசரத்தில் ஏதோ ஒன்றைப் பிடித்து, இரண்டு வருடத்தில் வெறுத்துப்போய்த் துறையையே விட்டுவிடும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு வருடமும் அதற்குச் செலவான பணமும் ஒரு குடும்பத்திற்குச் சின்ன விஷயமல்ல.

முதலில் அடித்தளம்

நம் வீட்டுக்கு மின்சாரம் வருகிறது, தண்ணீர் வருகிறது. அதுபோல இன்று தகவலும் வருகிறது. தண்ணீருக்குக் குழாய், வால்வு, தொட்டி இருப்பதுபோல, தகவலுக்குக் கேபிள், சுவிட்ச், ரௌட்டர், ஃபயர்வால். இவற்றை அமைப்பவர், பராமரிப்பவர், பழுது பார்ப்பவர், திருடன் நுழையாமல் காப்பவர் எல்லாரும் நெட்வொர்க் துறையினர்தான். பிரிவுகள் எத்தனை இருந்தாலும் அடித்தளம் ஒன்று. ஒரு கணினிக்கு முகவரி எப்படிக் கிடைக்கிறது, பெயரை முகவரியாக மாற்றுவது எது, ஒரு தகவல் பொட்டலம் எந்த வழியாகப் போவது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதையெல்லாம் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. சிஸ்கோ நிறுவனம் ஒரு காலத்தில் தொடக்கநிலைச் சான்றிதழையே பல துண்டுகளாக வைத்திருந்தது. பாதுகாப்புக்கு ஒரு சிசிஎன்ஏ, கம்பியில்லா இணைப்புக்கு ஒன்று, தரவு நிலையத்துக்கு ஒன்று என்று. 2020 பிப்ரவரியில் அவற்றையெல்லாம் எடுத்துவிட்டு ஒரே சிசிஎன்ஏ என்று ஆக்கிவிட்டது. அதற்கு அடுத்த படியான சிசிஎன்பியில்தான் பிரிவைத் தேர்ந்தெடுக்கிறோம். அங்கேயும் ஒரு மையத் தேர்வு, பிறகு நாம் விரும்பும் ஒரு சிறப்புத் தேர்வு என்ற ஏற்பாடு. முதலில் பொது, பிறகுதான் சிறப்பு. மருத்துவம் படிப்பவர் நேராக இதய நிபுணர் ஆகிவிட முடியாது அல்லவா?

அடித்தளம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு நாளை நினைவுபடுத்துகிறேன். 2021 அக்டோபர் 4. வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம் மூன்றும் உலகம் முழுவதும் ஏறத்தாழ 6 மணி நேரம் நின்றுபோயின. யாரும் தாக்கவில்லை. பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை அந்த நிறுவனத்தின் முதுகெலும்பு இணைப்புகளைத் துண்டித்துவிட்டது. உடனே அதன் பெயர்ச் சேவையகங்கள் “எங்களிடம் வரும் வழி இது” என்று உலகத்துக்கு அறிவிப்பதை நிறுத்திக்கொண்டன. பழுது பார்க்கும் உள்கருவிகளும் அதே இணைப்பை நம்பியிருந்ததால் அவையும் படுத்துவிட்டன. பொறியாளர்கள் நேரில் போய்க் கருவிகளின் முன்னே நின்றுதான் சரிசெய்ய வேண்டியிருந்தது. அத்தனை பெரிய நிறுவனம் விழுந்ததும் எழுந்ததும் முதலாம் ஆண்டுப் பாடத்தில் இருக்கும் விஷயங்களால்தான். ஆகவே முதல் இரண்டு வருடம் பிரிவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வேலை எங்கே கிடைத்தாலும் அடிப்படையைக் கையால் தொட்டுப் பழகுங்கள்.

பூன் லேயிலிருந்து தெரியும் வேலைகள்

பிரிவுகளைப் புத்தகத்தில் இருக்கும் பட்டியலாகச் சொன்னால் மனத்தில் நிற்காது. ஆகவே நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்தே சொல்கிறேன். பூன் லே எம்ஆர்டி நிலையம் 1990ல் திறந்தது. 2009ல் பயனியர், ஜூ கூன் நிலையங்கள் வரும்வரை ரயில் இங்கேயே முடிந்தது. “கடைசி ஸ்டேஷன்” என்று சொந்தக்காரர்கள் கேலி செய்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நெட்வொர்க் துறைக்கோ இந்தப் பக்கம் கடைசியல்ல, வாசல்.

முதலாவது, கேபிளும் தொலைத்தொடர்பும். பினாங்கு வழியாக மதராசுடன் சிங்கப்பூரைக் கடலடித் தந்தி இணைத்தது 1871ல். 2002ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேராக ஐடூஐ என்ற கண்ணாடி இழைக் கேபிள் வந்தது. நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். ஊரில் இருக்கும் உம்மாவிடம் முகம் பார்த்துப் பேசுகிறோமே, அது வானத்தில் போவதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கடலுக்கடியில்தான் போகிறது. இங்கே மேற்கே துவாஸிலும் கிழக்கே சாங்கியிலும் அந்தக் கேபிள்கள் கரையேறுகின்றன. இந்தப் பிரிவுக்குப் போகிறவர் பெரிய வழித்தடங்களைப் பார்க்கிறார். 2013 அக்டோபரில் புக்கிட் பாஞ்சாங் தொலைபேசி நிலையத்தில் தீப்பிடித்தபோது 149 கண்ணாடி இழைக் கேபிள்கள் சேதமடைந்தன. முடியைப் போன்ற மெல்லிய இழைகளை ஒவ்வொன்றாக ஒட்டித்தான் சேவையை மீட்டார்கள். கைத்திறனும் பொறுமையும் உள்ள பிள்ளைகளுக்கு இது நல்ல பிரிவு. மேசையில் உட்காரப் பிடிக்காத பிள்ளை என்று வீட்டில் திட்டு வாங்குபவரும் இங்கே சிறப்பாக வரலாம்.

இரண்டாவது, தரவு நிலையம். கூகல் நிறுவனம் தென்கிழக்காசியாவில் தன் முதல் தரவு நிலையத்தை அமைக்கத் தேர்ந்தெடுத்த இடம் நம் ஜூரோங் வெஸ்ட். 2011ல் அறிவித்தார்கள், 2013ல் இயங்கத் தொடங்கியது. இங்கே வேலை சுவிட்ச், ரௌட்டரோடு முடிவதில்லை. மின்சாரம், குளிரூட்டல் இரண்டும் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு. 2023 அக்டோபர் 14, சனிக்கிழமை. டிபிஎஸ், சிட்டிபேங்க் இரண்டின் சேவைகளும் நின்றுபோனது நினைவிருக்கும். ஏறத்தாழ 25 லட்சம் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் முடியாமல் போயின. காரணம் கணினியல்ல, தரவு நிலையத்தின் குளிரூட்டும் அமைப்பில் நடந்த மேம்பாட்டுப் பணியில் ஏற்பட்ட கோளாறு. ஆகவே மின்னியலோ குளிரூட்டும் தொழில்நுட்பமோ படிக்கும் பிள்ளைகளே, “நாங்கள் ஐடி இல்லையே” என்று ஒதுங்க வேண்டாம். இது உங்கள் கதவும்தான்.

மூன்றாவது, இணையப் பாதுகாப்பு. தாள்களில் அதிகம் பேர் எழுதியிருப்பது இதைத்தான். படங்களில் காட்டுவதுபோல இருட்டறையில் உட்கார்ந்து வேகமாகத் தட்டச்சு செய்யும் வேலை என்று நினைக்க வேண்டாம். 2018ல் சிங்ஹெல்த் தாக்குதலில் 15 லட்சம் நோயாளிகளின் சொந்த விவரங்கள் திருடப்பட்டன. அவர்களில் ஏறத்தாழ 1,60,000 பேரின் மருந்து விவரங்களும் போயின. நம் வீட்டிலும் பலருக்கு அந்தக் குறுஞ்செய்தி வந்தது. பிறகு அமைந்த விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வெளியானது. படித்தவர்களுக்குத் தெரியும்: சந்தேகத்துக்குரிய அறிகுறிகளை ஊழியர் சிலர் முன்பே பார்த்திருந்தார்கள். ஆனால் அது எவ்வளவு பெரியது என்று உணர்ந்து, உரிய நேரத்தில் மேலே சொல்லி, நடவடிக்கை எடுக்க வேண்டிய இடத்தில் சறுக்கல் நடந்தது. ஆகவே பாதுகாப்புப் பிரிவுக்கு வேண்டிய குணங்கள் இவை: சலிக்காமல் பதிவேடுகளைப் பார்ப்பது, வித்தியாசமாக ஒன்று தெரிந்தால் தயங்காமல் சொல்வது, சொன்னதைத் தெளிவாக எழுதுவது. எழுத்து வராத பாதுகாப்பு நிபுணர் பாதி நிபுணர்தான். 2018ல் வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம் எரிசக்தி, தண்ணீர், வங்கி, சுகாதாரம் உட்பட 11 முக்கியத் துறைகளைக் குறிப்பிடுகிறது. அவை அனைத்துக்கும் ஆட்கள் தேவை.

நான்காவது, பலர் கேள்விப்படாத பிரிவு. தொழிற்சாலை நெட்வொர்க். ஏழு தீவுகளை இணைத்து உருவாக்கிய ஜூரோங் தீவு நம் பக்கத்தில் இருக்கிறது. அங்கே வால்வைத் திறப்பதும் கொதிகலனின் சூட்டைக் கட்டுப்படுத்துவதும் இன்று நெட்வொர்க் வழியாகத்தான். அலுவலகக் கணினி நின்றால் மின்னஞ்சல் தாமதமாகும். அங்கே ஒரு கட்டுப்பாட்டுக் கருவி தவறினால் உயிருக்கே ஆபத்து. 2021 மே மாதம் அமெரிக்காவில் காலனியல் எண்ணெய்க் குழாய் நிறுவனத்தின் அலுவலகக் கணினிகளைப் பணயத் தொகை கேட்கும் நிரல் தாக்கியது. அது பரவிவிடுமோ என்ற அச்சத்தில் குழாயையே நிறுத்தினார்கள். கிழக்குக் கரையில் பெட்ரோலுக்கு வரிசை நின்றது. நம் இணையப் பாதுகாப்பு அமைப்பு இந்தப் பிரிவுக்கென்று 2019லேயே ஒரு பெருந்திட்டம் வெளியிட்டது. வாப்பாமார்களே, அத்தாமார்களே, ஜூரோங் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த உங்களுக்குத் தெரிந்த வால்வு, பம்பு, பாதுகாப்பு விதி இவையெல்லாம் இந்தப் பிரிவில் தங்கம். வீட்டில் பிள்ளையிடம் அதைப் பேசுங்கள்.

ஐந்தாவது, கம்பியில்லா இணைப்பு. துவாஸ் துறைமுகத்தில் ஓட்டுநரில்லா வண்டிகள் கொள்கலன்களைச் சுமந்து போகின்றன. அவற்றுக்குக் கேபிள் இழுக்க முடியாது, அலைவரிசைதான். 2016ல் வட்ட ரயில் பாதையில் ரயில்கள் காரணமில்லாமல் அவசரமாக நின்றுகொண்டிருந்தன. எங்கே பழுது என்று புரியவில்லை. சம்பவங்களின் நேரத்தையும் இடத்தையும் வரைபடமாக்கிப் பார்த்தபோது, எதிர்த்திசையில் ஓடிய ஒரு ரயில், பிவி46, அதன் கோளாறான கருவி மற்ற ரயில்களின் சமிக்ஞையைக் குலைக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். கண்ணுக்குத் தெரியாததைத் தேடிப் பிடிக்கும் ஆர்வம் உள்ளவருக்கு ஏற்ற பிரிவு இது.

ஆறாவது, கிளவுடும் தானியக்கமும். நூறு சுவிட்ச்சுகளை ஒவ்வொன்றாக உள்ளே போய் மாற்றுவதற்குப் பதிலாகப் பைதான் நிரல் எழுதி ஒரே நேரத்தில் மாற்றுவது. நிரல் எழுதப் பிடித்தவர்களுக்கு இது இயல்பாக வரும். ஒரு எச்சரிக்கை மட்டும்: நூறையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய முடிந்தால், நூறையும் ஒரே நேரத்தில் கெடுக்கவும் முடியும். ஆகவே இங்கேயும் அடித்தளம் தெரிந்தவரே நிற்பார்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

சம்பளப் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். இந்த வருடப் பட்டியலில் முதலில் இருப்பது நீங்கள் படித்து முடிக்கும்போது அங்கேயே இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. அதற்குப் பதிலாக உங்களையே நான்கு கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று, இரவுப் பணி எனக்கு ஒத்துவருமா? கண்காணிப்பு நிலையங்களில் 12 மணி நேரச் சுழற்சிப் பணி சாதாரணம். உடம்பையும், நோன்பு மாதத்தையும், வெள்ளிக்கிழமைத் தொழுகையையும் யோசித்துத்தான் ஆக வேண்டும். வேலையில் சேருமுன் மேலாளரிடம் பணிவாகவும் வெளிப்படையாகவும் கேட்டுவிடுங்கள். சக ஊழியருடன் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. பெருநாளன்று நமக்காக ஒரு சீன நண்பர் வருவார், சீனப் புத்தாண்டுக்கு நாம் போவோம்.

இரண்டு, நான் கருவியைத் தொட்டு வேலை செய்ய விரும்புகிறேனா, திரையில் செய்ய விரும்புகிறேனா? மூன்று, புதிதாகக் கட்டுவது பிடிக்குமா, கெட்டதைக் கண்டுபிடிப்பது பிடிக்குமா? கட்டுபவரும் துப்பறிபவரும் வேறு வேறு மனிதர்கள். நான்கு, சனிக்கிழமை மாலை சும்மா இருக்கும்போது இந்தத் துறையில் எதைப் பற்றி நானாகவே படிக்கிறேன்? நான்காவது கேள்விக்கு வரும் பதில் பொய் சொல்லாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைப் பெயர் சொல்லாமல் சொல்கிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் முடித்த மகளுக்குப் பாதுகாப்புக் கண்காணிப்பு நிலையம் ஒன்றில் வேலை கிடைத்தது. சுழற்சிப் பணி. அத்தா ஒரேயடியாக மறுத்துவிட்டார். “பொம்பளைப் பிள்ளை ராத்திரி வேலைக்கா?” அந்தப் பெண் அழவில்லை, சண்டையும் போடவில்லை. வேலையிடம் எங்கே, எத்தனை பேர் உடனிருப்பார்கள், வீடு திரும்ப நிறுவனமே வண்டி தருகிறதா, எத்தனை மாதத்தில் பகல் பணிக்கு மாறலாம் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அத்தாவின் கையில் கொடுத்தாள். அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை. அம்மாதான் சொன்னார்: “நீங்க கப்பல் பட்டறையில இருபது வருஷம் நைட் ஷிஃப்ட் பார்த்தீங்க. அப்ப நான் தனியா இருந்தேன். எனக்கு அந்தக் கஷ்டம் தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன், அவ போகட்டும்.” அவள் போனாள். இரண்டு வருடம் இரவும் பகலுமாகப் பார்த்தாள். இப்போது பகல் பணியில் தாக்குதல்களை ஆராயும் குழுவில் இருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். அத்தா சொந்தக்காரர்களிடம் அவளுடைய வேலையை விளக்கும்போது நான் கேட்டிருக்கிறேன். பாதி தப்பாகத்தான் சொல்வார், ஆனால் முழுப் பெருமையோடு சொல்வார்.

எல்லா இரவுப் பணிக்கும் சரி சொல்லுங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பெண் விவரம் சேகரித்தாள், வீட்டில் அதை வைத்துப் பேசினார்கள். மறுப்பதாக இருந்தாலும் விவரம் தெரிந்து மறுக்கலாம்.

பெற்றோருக்கு

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. “ஆறு வாரத்தில் நிபுணர்” என்று ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும் வகுப்புகளுக்கு உடனே கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் அரசாங்க உதவி என்னென்ன என்று பாருங்கள். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் முடித்த 30 வயது வரையிலான சிங்கப்பூரர்கள் பட்டயப் படிப்பில் சேர்ந்தால் அவர்களின் கல்விக் கணக்கில் 5,000 வெள்ளியும், முடித்தால் மத்திய சேமநிதி சாதாரணக் கணக்கில் 10,000 வெள்ளியும் போடும் திட்டம் இருக்கிறது. 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 2024 மே முதல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் கூடுதலாக 4,000 வெள்ளி. அதாவது பிள்ளை மட்டுமல்ல, வேலை மாற நினைக்கும் தகப்பனாரும் படிக்கலாம். சிண்டா, மெண்டாக்கி இரண்டிடமும் விசாரியுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

பழகுவதற்குப் பணமே தேவையில்லை. சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் இலவசம். வயர்ஷார்க் இலவசம். வீட்டிலிருக்கும் பழைய மடிக்கணினியே போதும். ஒரு பிள்ளை இரவு பதினோரு மணிக்குத் திரையில் கோடும் பெட்டியுமாக இணைத்துக்கொண்டிருந்தால், விளையாடுகிறான் என்று விளக்கை அணைத்துவிடாதீர்கள்.

சான்றிதழ் வேண்டும்தான். சிசிஎன்ஏ மூன்று வருடத்துக்குத்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். சிசிஐஇ வரை போனால் எட்டு மணி நேரச் செய்முறைத் தேர்வு. ஆனால் நேர்காணலில் நான் எதிரே உட்காரும்போது கேட்பது ஒன்றுதான்: “நீயே சரிசெய்த ஒரு பழுதைப் பற்றிச் சொல்.” மனப்பாடம் செய்தவர் அங்கே நின்றுவிடுவார். செய்து பார்த்தவர் பேசிக்கொண்டே இருப்பார்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இந்த வேலைகள் இருக்குமா என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நேர்மையாகச் சொல்கிறேன். எச்சரிக்கை மணியைப் பார்த்து இன்னொருவருக்கு அனுப்பும் தொடக்கநிலை வேலைகள் குறையும், குறைந்துகொண்டும் இருக்கின்றன. ஆனால் இயந்திரம் சொல்லும் தீர்வு சரியா, அதை மருத்துவமனை நெட்வொர்க்கில் நடுப்பகலில் செய்யலாமா என்று முடிவெடுக்கவும், செய்தபின் பொறுப்பேற்கவும் ஆள் வேண்டும். அந்த ஆளாக ஆவதற்குத்தான் இரண்டு வருட அடித்தளம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

நிறைவாக நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். ஐம்பது வருடமாக ஊரிலிருந்து வந்தவர்களுக்குத் தங்க இடமும், வேலையும், ஆபத்துக்கு உதவியும் தேடிக் கொடுத்த சங்கம் இது. இன்று நம் உறுப்பினர் குடும்பங்களிலேயே தொலைத்தொடர்பிலும், வங்கியிலும், தரவு நிலையத்திலும், ஜூரோங் தீவிலும் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் பெயர்களைப் பிரிவுவாரியாகத் தொகுத்து வையுங்கள். ஒரு பிள்ளை “எனக்குப் பாதுகாப்புப் பிரிவில் ஆசை” என்றால், அந்தப் பிரிவில் இருக்கும் ஒரு அண்ணனிடமோ அக்காவிடமோ அரை மணி நேரம் பேச வைக்கலாம். அந்த அரை மணி நேரம் பல மாதக் குழப்பத்தைத் தீர்க்கும். பட்டியலில் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளே, எந்தப் பிரிவை எடுத்தாலும் மூன்று வருடம் நிலைத்து நில்லுங்கள், பிறகு மாறலாம். ஒரு பிரிவில் கற்றது அடுத்த பிரிவில் வீணாவதில்லை. உங்கள் உழைப்பில் வல்ல இறைவன் பரக்கத் செய்வானாக, ஆமீன்.